குடிநோயும் நம் குடிகளும்

(ஊர்த் தமிழ்மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

திங்கள்தோறும் ஒரு சொல்லை எடுத்து அதன் வேரும் விரிவும் காண்பது இம்மன்றத்தின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் ‘குடி’. குடிசை, குடியிருப்பு, குடித்தனம், குடிவழி, குடிமை, குடியரசு என எத்தனைச் சொற்களுக்கு அது தாயாய் நிற்கின்றது! வீட்டைக் குறித்தது, வீட்டில் வாழ்வாரைக் குறித்தது, அவர்தம் வழிவழி மரபைக் குறித்தது, முடிவில் நாட்டு மக்கள் அனைவரையும் குறித்தது. பருகுதலைக் குறிக்கும் ‘குடி’யும் நம் மொழியில் உண்டு. ஒலியால் ஒன்றாகிப் பொருளால் வேறான இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் குடி குடியைக் கெடுக்கும் என்று நம் மக்கள் பழமொழி செய்தனர். அப்பழமொழியைப் புட்டியின் மேலேயே அச்சிட்டு அரசு விற்ற காலமும் வந்தது.

தெருவோரத்தில் வீழ்ந்து கிடப்பவனைக் காட்டிக் ‘குடிமகன்’ என்று நகைக்கின்றோம். நாட்டுரிமை உடையவனைக் குறிக்கும் உயர்ந்த சொல்லொன்று நம் கண்முன்னே எள்ளற்சொல் ஆகிவிட்டது. வாழ்வு இழிந்த வழியே சொல்லும் இழியும். ஆகவே, சொல்லைக் காக்க எழுந்த நாம் அச்சொல்லுக்குரிய வாழ்வையும் காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இனித் திருக்குறளுக்கு வருவோம். ‘கள்ளுண்ணாமை’ தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் என்பது நம் மாணாக்கர் அனைவரும் அறிந்ததே. அது எந்தப் பாலில் நிற்கின்றது என்று எண்ணிப் பார்த்தீர்களா? புலால் மறுத்தலை அறத்துப்பாலின் துறவறவியலில் வைத்த வள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். அரசும், அமைச்சும், நட்பும், பகையும் பேசப்படும் இடம் அது. துறவிக்குரிய நோன்பாக அவர் இதனைக் கருதவில்லை. பொருளீட்டி, மனைவி மக்களோடு வாழ்ந்து, ஊரோடு உறவாடும் மாந்தனின் வாழ்வுச் சிக்கலாகவே கண்டார்.

நாம் இன்று ஓதும் வரிசையில் அதனை அடுத்து நிற்பவற்றையும் பாருங்கள். தொண்ணூற்று நான்கு சூது; தொண்ணூற்றைந்து மருந்து; தொண்ணூற்றாறு குடிமை. கள்ளில் வீழ்ந்தவன் சூதிலும் வீழ்வான். வீழ்ந்தவனுக்கு மருந்து வேண்டும். மருந்தின் பின்னரே குடிமை. இவ்வரிசை இப்பொருள் கருதியே அமைக்கப்பட்டது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும், இன்றைய நம் நாட்டிற்கு இதனினும் பொருத்தமான வழிகாட்டி வேறில்லை என்பேன். நாம் தொண்ணூற்று மூன்றைப் பள்ளியில் ஓதுகின்றோம், தொண்ணூற்றைந்தை மறந்துவிட்டோம். அதனாலேயே தொண்ணூற்றாறை இழந்து நிற்கின்றோம்.

இவ்விடத்தில் சிலர் எழுந்து, “கழகக் காலத் தமிழர் கள்ளுண்டனரே! கள், தேறல், நறவு, தோப்பி என்று எத்தனைப் பெயர்கள் நம் பழம்பாட்டில் உள்ளன! அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துண்டதைப் புறநானூறே கூறுகின்றதே!” என்பர். உண்மை, மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அந்தக் கள்ளையும் இன்றைய புட்டியையும் ஒன்றென எண்ணுதல் அறியாமை. பனையினின்றும் தென்னையினின்றும் இறக்கிய கள்ளில் வெறியம் நூற்றுக்கு நான்கைந்து பங்கே. ஓரிரு நாளில் அது புளித்துக் கெடும். இன்று கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தால் ஆக்கப்பட்டுப் புட்டியில் அடைபடுவதிலோ ஏறத்தாழ நாற்பத்து மூன்று பங்கு; ஆண்டுக்கணக்கில் கெடாது; நாள்தோறும் கிடைக்கும். கள்ளும் கேடில்லாத பாலன்று. அதிலும் அடிமைப்பட்டு அழிந்தோரைக் கண்டதனாலன்றோ வள்ளுவர் பத்துக் குறள் பாடினார்? நறவைப் புகழ்ந்த பாட்டும் நம்முடையது. அதன் கேட்டைக் கண்டு கடிந்த நூலும் நம்முடையது. பட்டறிவு முதிர்ந்த பின் வந்த சொல்லையே அறிவுடையோர் கைக்கொள்வர்.

அவ்வதிகாரத்தில் வள்ளுவர் குடிப்பவனை யார் யார் முன்னே நிறுத்துகின்றார்? பகைவர் முன்னே, சான்றோர் முன்னே, பெற்ற தாயின் முன்னே, ஊரார் முன்னே நிறுத்துகின்றார். நாணம் என்பது குடிப்பவனுக்கு உரியது என்பது அவர் கருத்து. இன்று நம் ஊர்களில் அந்நாணம் இடம் மாறிவிட்டது. குடிப்பவன் தெருவில் உரக்கப் பாடிக்கொண்டு வருகின்றான். அவன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு நாணுகின்றாள். அவன் கடன் வாங்குகின்றான். அவன் தாய் கடன்காரருக்கு முகங்காட்ட அஞ்சுகின்றாள். கண்ணருகே கன்றிப்போன பெண்ணைக் கேட்டால், “நிலைப்படி இடித்துவிட்டது” என்கின்றாள். நம் ஊர் நிலைப்படிகள் அத்தனையும் பெண்களின் கண்ணைத் தேடியா இடிக்கின்றன?

ஒருமுறை ஏழாம் வகுப்பில் ‘என் தந்தை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். சிறுவன் ஒருவன், தன் தந்தை நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு வீடு வருவதாகவும், வேர்க்கடலை வாங்கி வருவதாகவும், அருகிலிருந்து கணக்குச் சொல்லித் தருவதாகவும் எழுதியிருந்தான். அத்தந்தை மாலையில் எங்கே கிடப்பார் என்பதை அவ்வகுப்பே அறியும். அவன் எழுந்து படித்தபோது ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சிரிக்கத்தக்க நிலையில் அவ்வகுப்பில் பாதி வீடுகள் இல்லை. ஒற்றுப்பிழை மூன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன். மற்றதைத் திருத்த வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

அரசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் சட்டம் ‘மதுவிலக்கு’ எனப் பெயரிட்ட குடிவிலக்கு முதன்முதலாக வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் கடைகள் திறந்தன. 1983-இல், மக்கள் ‘டாசுமாக்’ என்றழைக்கும் மாநில வாணிகக் கழகம் தோன்றி மொத்த விற்பனையை ஏற்றது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்திற்கும் தடை வந்தது; 1990-இல் மலிவுச் சாராயம் வந்து 1991-இல் போனது; 2003-இல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்தத் தொடங்கியது. எந்த ஒரு கட்சியையும் இங்கே தனித்துக் குற்றஞ்சாட்ட இடமில்லை. மாறி மாறி ஆண்டோர் அனைவரின் கையும் இதில் பட்டுள்ளது. 2016-இல் 500 கடைகள், 2017-இல் 500 கடைகள், 2023-இல் 500 கடைகள் என மூடினர். ஆயினும், 2023-24 நிதியாண்டில் இவ்வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி உரூபா.

ஒரு குடிநோயரின் குறிகள் யாவை? நாளுக்கு நாள் அளவு கூடுதல், விட்டுவிடுவேன் என்று உறுதி கூறுதல், சிறிது குறைத்துக் காட்டுதல், மீண்டும் மிகுத்தல், அது இன்றேல் வாழவே இயலாது என நம்புதல். இக்குறிகள் அத்தனையும் நம் அரசின் கருவூலத்திற்கு உண்டு. குடியை விலக்க முயலுமாறு அரசுக்கு வழிகாட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 47-ஆம் கூறு ஏட்டில் உறங்குகின்றது. கடையை மூடு என்னும் கோரிக்கையை நாம் விடலாகாது. 2015-இல் குமரி மாவட்டத்தில் அக்கோரிக்கைக்காகக் கைப்பேசிக் கோபுரத்தின் மேலேறிப் போராடிய காந்தியர் சசிபெருமாள் அப்போராட்டத்தில் உயிர் நீத்ததை மறக்கலாகாது.

ஆனால், கடையை மூடுவதோடு நம் பணி முடியாது என்பதற்கும் அண்மைச் சான்றுகள் உள்ளன. 2023-இல் மரக்காணம் பகுதியிலும், 2024-இல் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் நம்மவர் குடித்துச் செத்தது கடைப் புட்டியை அன்று. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தை. கருணாபுரத்து அழிவில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலுட் சென்று எறும்புக்காடியாக மாறிக் கண்ணரம்பைச் சுடும். தப்பிப் பிழைத்தோரும் பார்வை இழக்கக்கூடும். சாவு வீட்டில் துயருக்குக் குடித்தவரும் செத்தார். உழைத்த உடம்பின் வலிக்குக் குடித்தவரும் செத்தார். கடை இருந்தும் இவர்கள் அங்கே சென்றது ஏன்? கடைச்சரக்கை நாள்தோறும் வாங்கக் கையில் காசில்லை. குடிக்காமல் இருக்கவோ உடம்பு விடவில்லை. அந்த ‘உடம்பு விடவில்லை’ என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி.

வெறியம் மூளையை அடக்கும் பொருள். நாள்தோறும் அடக்கப்படும் மூளை, ஈடுகட்டத் தன் முறுக்கைத் தானே ஏற்றிக்கொள்ளும். கதவை முழு வலிவோடு தள்ளிக்கொண்டு நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சட்டெனத் திறந்தால் அவன் குப்புற விழுவான். பல்லாண்டு குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலர்க்கு இல்லாத உருவம் தோன்றும், இல்லாத குரல் கேட்கும், பிதற்றுவர். மருத்துவம் செய்யாவிடின் அது உயிரையும் வாங்கும். “நான்கு நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்” என்று பூட்டிவைத்துப் பிணமாக எடுத்த வீடுகள் உண்டு. மன உரமின்மை என்று நாம் இழித்துப் பேசும் இது, மெய்யாகவே மூளையைப் பற்றிய நோய். ஆகவே, ‘குடிகாரன்’ என்னும் சொல்லை விடுத்துக் ‘குடிநோயர்’ என்னும் சொல்லை வழங்குவோம். அடித்ததும் திருடியதும் குற்றமே. அவற்றிற்கு அவர் விடை கூறியே ஆகவேண்டும். ஆனால், நோய்க்கு மருந்துதான் வேண்டும்.

இங்கேதான் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் நமக்குத் துணை வருகின்றது. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார் வள்ளுவர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன். இந்நான்கையும் குடிநோய்க்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நோயுற்றவன். அவன் தன்னை நோயாளி என்று ஒப்பவேண்டும். வெறித்திருக்கும்போது அவனோடு வழக்காடுதல் வீண் என்பதை வள்ளுவரே உவமை கூறி உரைத்தார். காலையில், தெளிந்திருக்கும் பொழுதில், உரத்துப் பேசாமல், நடந்ததை நடந்தபடி கூறுங்கள்.

இரண்டாவது, மருத்துவன். புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் 2018-இல் எடுத்து 2019-இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பு, குடிக்கு அடிமைப்பட்டோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் மருத்துவ உதவி பெற்றார் என்கின்றது. மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பெற்றவர் 180 பேரில் ஒருவரே. ஏனையோர் என்ன செய்கின்றனர்? கோவிலில் கயிறு கட்டுகின்றனர். கயிறு கட்டுவதால் சிலர் சில திங்கள் நிறுத்துவதும் உண்டு, உறுதி நல்லதே. ஆனால், கயிறு வலிப்பைத் தடுக்காது. கயிறு கட்டும் முன் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிற்கு அழைத்துச் செல்லுங்கள். நடுவணரசின் 14446 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

மூன்றாவது, மருந்து. குடியை விடுவதால் வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தணிக்க மருந்துண்டு. குடியால் உடம்பு இழந்த தயமின் என்னும் ஊட்டத்தை ஈடுசெய்ய ஊசியுண்டு. வேட்கையைக் குறைக்கவும் மருந்துண்டு. தாய்மார்க்கு ஒரு கடும் எச்சரிக்கை: “அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் மருந்தொன்று உண்டு. அதனை உண்டவர் அறியாமல் குடித்தால் முகஞ்சிவந்து, வாந்தியெடுத்து, குருதியழுத்தம் வீழ்ந்து மாளவும் கூடும். அறிந்து, ஒப்பி, மருத்துவர் பார்வையில் உண்பதற்குரியது அது. ஒரு கிழமை மருத்துவத்தோடு நோய் தீர்ந்ததென எண்ணுவதும் தவறு. திங்கள் பல தொடர வேண்டும். இடையே ஒருமுறை வழுக்கி வீழ்ந்தால் எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். காய்ச்சல் மீண்டும் வந்தால் மீண்டும் மருந்து தருவதில்லையா?

நான்காவது, உடனிருந்து பேணுவோன். இதுவே நம் அனைவரின் பங்கு. பேணுதல் என்பது மறைத்தலாகாது. அவன் கடனை ஓசையின்றி அடைப்பதும், வேலையிடத்தில் “காய்ச்சல்” என்று பொய் சொல்வதும் நோயைப் பேணுமேயன்றி நோயாளியைப் பேணா. பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன்: “ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்” என்று குடிநோய் கொண்ட மகனுக்கு மணம் செய்து வைக்காதீர்கள். பிறர் பெற்ற பெண் உங்கள் மகனுக்கு மருந்தன்று. நோயை மறைத்து முடிக்கும் மணம், ஓர் உயிரின் சிக்கலை மூன்று நான்கு உயிர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். பெண்ணைப் பெற்றோரே, குலமும் கோளும் பார்ப்பதை விட்டு இதனைக் கேளுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா.

மறைக்காதவர்கள் வென்றதற்குச் சான்றுண்டு. சென்னையில் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி அரங்கநாதன் அம்மையார், குடும்பத்தின் மானம் என்று அதனை மூடிவைக்கவில்லை. கணவர் பெயராலேயே 1980-இல் குடிநோய் மருத்துவத்திற்கென அறக்கட்டளை நிறுவினார். 1935-இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் குடிநோயர் இருவர் தம்முள் மனந்திறந்து பேசத் தொடங்கியதினின்று, ‘ஆல்ககாலிக்சு அனானிமசு’ என்னும் பெயரறியாக் குடிநோயர் கூட்டமைப்பு உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அவர்கள் பெயரை மறைக்கின்றனர், நோயை மறைப்பதில்லை. குடிப்பவன் தான் தெளிந்திருக்கையில் பிறனொருவன் வெறித்திருப்பதைக் கண்டும் தன் நிலையை எண்ணிப் பாரானோ என்று கேட்டுக் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முடித்தார் வள்ளுவர். ஒருவரையொருவர் கண்டு தம்மை உணரும் அம்முறையே இக்கூட்டங்களின் உயிர்.

இளவல்களே, உங்களிடமும் ஒரு சொல். வாயில் ஒதுக்கும் புகையிலைத் தூள், கஞ்சா, மருந்துக்கடையில் திருட்டுத்தனமாய் வாங்கும் வலிநீக்கு மாத்திரை என இந்நோய் இன்று புதுப்புது உருவில் பள்ளி வாயிலில் நிற்கின்றது. நண்பன் நீட்டினான் என்பதற்காக ஏற்காதீர்கள். மறுத்தால் முறியும் நட்பு, முறியட்டும்.

தோழர்களே! நம் இல்லங்களிலிருந்தே தொடங்குவோம். நம் மணவிழாவில் புட்டி வேண்டா. சாவு வீட்டில் பாடை சுமப்பார்க்கும் பறையறைவார்க்கும் புட்டி கொடுக்கும் வழக்கத்தை ஒழித்துக் கூலியை உயர்த்திக் கொடுப்போம். தேர்தலில் புட்டி கொடுப்பானுக்கு ஒப்போலை இல்லை என்போம். தெருவுக்கு இருவர் என நம் மன்றத்தார் பொறுப்பேற்று, மருத்துவமனைக்குச் செல்லத் துணையில்லாத குடிநோயர்க்குத் துணை செல்வோம். 38 பேரில் ஒருவர் என்னும் கணக்கை நம் ஊரிலேனும் மாற்றுவோம்.

தமிழ் காக்கும் மன்றத்திற்கு இப்பணி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பிள்ளைக்கு மொழி எப்பொழுது வாய்க்கின்றது? பள்ளியில் நான் இலக்கணம் கற்பிக்கலாம். உயிருள்ள பேச்சும், விடுகதையும், பழமொழியும், உறவுப் பெயர்களும் வாய்ப்பது பொழுது சாய்ந்தபின் தந்தை மடியிலும் தாய் அருகிலும். குடி அந்தப் பொழுதைத்தான் பறிக்கின்றது. மாலை ஆறு மணிக்கு வந்து அருகமர்ந்து பேசும் தந்தையைக் கட்டுரையில் கண்டான் அச்சிறுவன். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு அத்தந்தையரை வீட்டில் மீட்டுக் கொடுப்பதும் தமிழ்ப்பணியே.

அடுத்த திங்கட் கூட்டத்திற்குள், தெருவுக்கு இருவர் பெயர்ப்பட்டியல் அவைத்தலைவர் கையில் சேரவேண்டும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.